முல்லையாற்றங்கரையில் ஒரு நீல நீர்நாய்

கேட்டைத் திறந்ததும் எதிரே ஆறு தெரிந்தது. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

ஆறு தெரிந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வீரபாண்டிக்குக் கீழே முல்லையாற்றை ஒட்டியிருக்கும் எங்கள் படுகை நிலத்தில், கேட்டில் நின்றால் ஆறு தெரியக் கூடாது. ஆள் உயரத்துக்கு மேல் நாணல் நிற்கும். நாணலுக்கு மேலே இரண்டு மருத மரங்களின் தலை தெரியும். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். முந்தின நாள் சாயங்காலம் வரை அப்படித்தான் இருந்தது.

அன்று காலையில் பேருக்கு ஒரு நாணல்கூட இல்லை. கேட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் வழித்தெடுத்த மண். நடுவில் ஒரு ஜேசிபி. அதன் நிழலில் டிரைவர் உட்கார்ந்து பார்சல் இட்லியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணாச்சி. எப்புடி பளிச்சுன்னு ஆக்கிட்டோம் பாத்தீகளா?" என்றார்.

பெரிய மருத மரத்தடிக்கு ஓடினேன். வேருக்கு அடியில் ஒரு பொந்து இருக்கும். அதைக் காணோம். புது மண்ணைப் போட்டு ஜேசிபி வாளியால் தட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள்.

"அந்தப் பொந்தா? அதையும் மூடியாச்சுண்ணாச்சி. வாக்கிங் வாரவுக காலு அதுல மாட்டிக்கிட்டா என்னா செய்ய?" என்றார் டிரைவர், சட்னியைத் தொட்டுக்கொண்டே.

அந்தப் பொந்தில் ஒரு நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது.

சும்மா கிடந்த இடம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் கோபம் பழகியிருக்கும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் சாமுவேல். தேனி பஜாரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செப்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். கூடலூரிலிருந்து தேனி வரை ஆற்றோரத்துப் பம்புசெட் பாதியை என் கையால் ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்திருப்பேன்.

முதன்முதலில் நீர்நாயைப் பார்த்ததும் அப்படி ஒரு வேலைக்குப் போன இடத்தில்தான். சின்னமனூர்ப் பக்கம் ஒருவர் பம்புக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டிருந்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பத்தடி தூரத்துப் பாறையில் ஏதோ ஈரமாக ஏறி உட்கார்ந்து, இரண்டு கையிலும் மீனைப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து கடிக்க ஆரம்பித்தது. முள் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கீரிப்பிள்ளை என்று நினைத்தேன். கீரிப்பிள்ளைக்கு ஆற்றுக்குள் என்ன வேலை என்று தோன்றவில்லை. அப்போது எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

"நீர்நாய்ண்ணாச்சி. நம்மளப் பாத்து என்னா மொறை மொறைக்குது பாருங்க" என்றார் தோட்டக்காரர்.

பிறகு எஸ்தரின் அப்பா காலமாகி, இந்த மூன்று ஏக்கர் படுகை எங்கள் கைக்கு வந்தது. எஸ்தர் என் மனைவி. நிலத்தைப் பார்க்கப் போன முதல் நாளே அங்கேயும் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. அதோடு என் விவசாய ஆசை முடிந்தது. நாணலை வெட்டவில்லை. மரத்தைத் தொடவில்லை. வாரம் இரண்டு நாள் விடிந்ததும் போய், சத்தம் போடாமல் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அதற்கு ஊர் வைத்த பெயர் "சும்மா கெடக்கு".

சொந்தக்காரர்கள் கேட்டார்கள், எதுக்குச் சும்மா போட்டிருக்கீக என்று. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார். பிளாட் போடுகிறவர் காரில் வந்து, செருப்பில் சேறு படாமல் நின்றுகொண்டு கேட்டார். அந்த இடத்தை விலங்குக்கும் மனிதருக்கும் பொதுவாக எழுதி வைக்க முடியுமா என்று விசாரிக்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன்.

"என்ன பயிர்?" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

"பயிர் ஒண்ணும் இல்லீங்க. நாணல் இருக்கு. நீர்நாய் இருக்கு. மீன்கொத்தி வரும். தாழைக்கோழி குஞ்சு பொரிக்கும்."

"அதெல்லாம் எழுத இதுல எடம் இல்ல. சும்மா கெடக்குன்னு எழுதவா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியில் டீக்கடையில் நின்று, டீ ஆறும் வரை அவரைத் திட்டினேன். டீக்கடைக்காரர் பாவம், தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து வேறு டீ போட்டுக் கொடுத்தார்.

எஸ்தரின் கை

அப்படியென்றால் நடக்க வருகிறவர்களுக்கு அங்கே என்ன வேலை, கேட்டை ஏன் திறந்துவிட்டாய் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் எஸ்தர்.

அவளுக்குச் சர்க்கரை. தினமும் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். தேனியில் ஒரு பெண்பிள்ளை எங்கே நடப்பாள்? பைபாஸ் ரோட்டில்தான். ஒரு பக்கம் லாரி, இன்னொரு பக்கம் முட்செடி. ஒரு நாள் பின்னால் வந்த பைக்கின் கைப்பிடி இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. எஸ்தருக்கு இடது கை உடைந்தது. மாவுக்கட்டோடு படுத்திருந்தவள், கட்டுப் பிரித்த அன்றைக்கே சொன்னாள்.

"அங்கன நீர்நாய் நடக்குது. நான் நடக்கக் கூடாதா?"

ஆற்றை ஒட்டி, நாணலுக்கு இந்தப் பக்கமாக, ஒற்றையடிப் பாதை ஒன்று போட்டோம். முதலில் அவள் நடந்தாள். பிறகு அவளோடு சபையில் இருக்கும் இரண்டு பேர். பிறகு எங்கள் தெரு. ஆறு மாதத்தில் நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். பைபாஸில் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்த கூட்டம் பூராவும் இங்கே வந்துவிட்டது.

அவர்களுக்குத் தலைவராகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டவர் செல்லப்பாண்டி. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். நல்ல மனுஷன். ஆனால் விசிலை டிப்போவில் ஒப்படைக்காமல் வந்துவிட்டார். விசில் ஊதினால்தான் கூட்டம் நடக்க ஆரம்பிக்கும். இன்னொரு தடவை ஊதினால் திரும்பும். நீர்நாய்க்குச் சத்தம் ஆகாது என்று நான் கெஞ்சினேன். "மெதுவா ஊதுறேண்ணாச்சி" என்றார்.

நீர்நாய்க்கோ அந்த விசிலும் பழகிவிட்டது. மனிதர்கள் நாணலுக்கு இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். எங்களுக்குள் சண்டை இல்லை.

அடுத்து, முறையாக ஒரு திறப்புவிழா வைத்து, எல்லாரும் வரலாம் என்று பலகை மாட்டலாம் என்றார்கள். சரி என்றேன். கேட்டுச் சாவியைச் செல்லப்பாண்டியிடம் கொடுத்து ஒரு வார்த்தையும் சொன்னேன். "நாலு பேரு வர்ற எடம்ப்பா. அன்னைக்கு அசிங்கமா இருக்கக் கூடாது."

பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன்.

மண்ணைத் தோண்டினோம்

செல்லப்பாண்டிக்குப் போன் போட்டேன். அவர் சந்தோஷமாக எடுத்தார்.

"பாத்துட்டீகளா? உங்களுக்குத் தெரியாம செய்யணும்னு எல்லாரும் சேந்து ஏற்பாடு பண்ணினோம். நீங்கதான சொன்னீக அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு."

நான் என்ன பேசினேன் என்று இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. சபையில் தெரிந்தால் மூப்பர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போவார்.

எஸ்தர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மண்வெட்டி போட்டால் உள்ளே இருப்பது செத்துவிடும் என்று இரண்டு பேரும் கையாலேயே தோண்டினோம். டிரைவர் இட்லியை மூடி வைத்துவிட்டு வந்து அவரும் தோண்டினார். "குட்டி இருக்குன்னு யாருமே சொல்லலையேண்ணாச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எஸ்தருக்கு முறிந்து கூடின கை வலித்திருக்கும். அவள் நிறுத்தவில்லை.

பொந்து கடைசி வரைக்கும் காலி. மீன் செதிளும் நண்டு ஓடும் ஒரு வாடையும்தான் இருந்தன. மிஷின் சத்தம் கேட்டதும் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டது போலிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. செத்துப்போகவில்லை என்பதற்கா, போய்விட்டது என்பதற்கா என்று தெரியவில்லை. அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். கேட்டைப் பூட்டப்போகிறேன், கம்பிவேலி போடப்போகிறேன், ஒரு மனுஷக் கால் படக் கூடாது என்றேன்.

"பூட்டுங்க. நம்ம வீட்டு வாசல்ல முளைக்கிற புல்ல வாராவாரம் செதுக்கிட்டு, பத்தாதுன்னு சிமெண்டும் போட்டது யாரு? பாண்டி அண்ணன் உங்களப் பாத்துத்தான் படிச்சிருக்காக" என்றாள் எஸ்தர்.

அது உண்மை. நம் ஊரில் சுத்தம் என்றால் வழித்து எடுப்பது. கல்யாணமா, வழி. திருவிழாவா, வழி. பெரிய மனுஷர் வருகிறாரா, ரோட்டோரம் பூராவும் வழி. மண் வெள்ளையாகத் தெரிந்தால்தான் நமக்கு மரியாதை. நானும் அந்த ஊர்க்காரன்தானே.

கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். தை பிறக்கும் வரை பார்ப்பது. அதற்குள் நீர்நாய் திரும்பி வந்தால் கேட் திறந்தே இருக்கும். வராவிட்டால் பூட்டு. எஸ்தர் மறுபடியும் பைபாஸ் ரோட்டுக்குப் போக வேண்டும். அவள் சம்மதித்துவிட்டாள். சம்மதித்தபோது இடது கையைத் தடவிக்கொண்டாள். அதைப் பார்க்காதது மாதிரி நான் எழுந்துபோய், அன்றைக்கே ஒரு பெரிய பூட்டாக வாங்கி என் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டி வைத்தேன்.

சாம்பல் கலர் எடுக்காது

திறப்பு அன்று ஓரமாக நின்றேன். எஸ்தர் ரிப்பன் வெட்டினாள். செல்லப்பாண்டி விசில் ஊதினார். அதோடு விட்டிருக்கலாம்.

"அண்ணாச்சி மனசு கஷ்டப்பட்டதால, அவுகளுக்காக ஒரு நீர்நாய நாங்களே கொண்டாந்திருக்கோம்" என்று மைக்கில் சொல்லி, தண்ணீருக்குப் பக்கத்தில் மூடியிருந்த துணியை இழுத்தார்.

சிலை. நீல நிறம். இடுப்பு உயரப் பீடத்தில், முன்னங்காலை ஊன்றிச் சிங்கம் மாதிரி உட்கார்ந்திருந்தது. பிதுங்கின கண். வெளியே இரண்டு கோரைப்பல். முறுக்கின மீசை. கழுத்தில் மணி. வாயில் ஒரு மீன், அதற்கும் மீசை. கோயில் கோபுரங்களுக்குப் பொம்மை செய்கிற ஸ்தபதி ஒருவரைப் பிடித்து, செல்போனில் படம் காட்டிச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

"எதுக்குங்க நீலம்?" என்று ஸ்தபதியைக் கேட்டேன்.

"சாம்பல் கலரு வெயில்ல எடுக்காதுண்ணாச்சி. நீலம்னா தூரத்துல வரும்போதே தெரியும்" என்றார்.

எடுக்கச் சொன்னேன். "பாவம், ஆசையா செஞ்சிருக்காக, விடுங்க" என்றாள் எஸ்தர். ஒரு வாரத்தில் அதன் நெற்றியில் குங்குமம் இருந்தது. இரண்டாவது வாரத்தில் பீடத்தில் எலுமிச்சம்பழம். மூன்றாவது வாரத்தில் நடக்க வந்த ஓர் அம்மா அதைச் சுற்றி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். செல்லப்பாண்டி ஒரு வாளியும் தேங்காய் நாரும் கொண்டுவந்து தகரப் பெட்டியில் வைத்து, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதைத் தேய்த்துக் குளிப்பாட்ட ஆரம்பித்தார். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் மூப்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன சாமுவேல், தோட்டத்துல செலை வச்சிருக்கீகளாமே?"

நீர்நாயைக் காப்பாற்றப் போன எனக்குக் கடைசியில் கிடைத்தது இந்தப் பெயர்.

தண்ணீர் வந்தது

முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஆறு நிறைந்து, கலங்கி, இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு வந்தது. நாணல் இருந்த வரைக்கும் அந்தத் தண்ணீர் எங்கள் கரையைச் சீண்டினதில்லை. இந்தத் தடவை நாலே நாளில் கரை பொதபொதவென்று இடிந்தது. ஒரு நாள் காலையில் எஸ்தர் பாதையில் கால் வைக்கப் போனால், பாதையைக் காணோம். பதினைந்தடி நீளத்துக்கு ஆறு கொண்டுபோய்விட்டது. பின்னால் வந்த செல்லப்பாண்டி அவள் கையைப் பிடித்து இழுத்தார். நல்ல வேளை, வலது கை.

அன்றைக்கு விசில் ஊதவில்லை. எல்லாரும் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, மண் கட்டி கட்டியாக ஆற்றில் விழுவதைப் பார்த்தோம்.

"நாணல்தான் புடிச்சுக்கிட்டு இருந்துச்சா அண்ணாச்சி?" என்றார் செல்லப்பாண்டி.

"இல்ல, உன் செலைதான் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றேன். சொன்ன பிறகு வருத்தமாக இருந்தது. அவர் முகம் சுண்டிப் போய்விட்டது.

நாணல் எங்கே கிடைக்கும் என்று எஸ்தர்தான் கண்டுபிடித்தாள். மேலே வாய்க்கால் தூர்வாருகிறவர்கள் நாணலை வேர்க்கட்டையோடு பிடுங்கிக் கரையில் எறிந்திருந்தார்கள். அதுவும் அசிங்கம்தானே அவர்களுக்கு. குட்டியானை லோடு வண்டி ஒன்றைப் பிடித்து, நடக்க வருகிற பெண்கள் பூராவும் போய் அதை அள்ளிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் குறைந்ததும் வரிசையாக ஊன்றினார்கள். நான் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து குறை சொன்னேன். பாதையைக் கரையிலிருந்து பன்னிரண்டு எட்டு தள்ளிப் போட்டோம். செல்லப்பாண்டி விசிலை வீட்டில் வைத்துவிட்டு வர ஆரம்பித்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

புரட்டாசி போயிற்று. ஐப்பசி மழையில் நாணல் முட்டி உயரம் வந்தது. கார்த்திகையில் இடுப்பு உயரம். தாழைக்கோழி வந்தது, மீன்கொத்தி வந்தது. நீர்நாய் வரவில்லை. தினமும் விடிந்ததும் போய்ப் பொந்தைப் பார்ப்பேன். அதில் சிலந்தி வலை கட்டியிருக்கும். எஸ்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நடக்கப் போய்விடுவாள். கடையில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமைக் குளியல்

மார்கழி முடிய நாலைந்து நாள் இருக்கும். வெள்ளிக்கிழமை. பனி விலகவில்லை. கேட்டைத் திறந்தால் எதிரே ஆள் உயர நாணல். ஆறு தெரியவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். உள்ளேயிருந்து செல்லப்பாண்டியின் குரல் கேட்டது.

"சே! சாமி தலையில எந்தச் சனியன் இப்புடிப் பண்ணிட்டுப் போச்சோ தெரியல. நாத்தம் கொடலப் புடுங்குது."

எட்டிப் பார்த்தேன். ஒரு கையில் வாளி, மறு கையில் தேங்காய் நார். நீலச் சிலையின் உச்சந்தலையில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. பக்கத்தில் போனேன். அதற்குள் மீன் செதிள் மின்னியது. நண்டு ஓட்டுத் துணுக்கு. பொந்துக்குள் தோண்டினபோது அடித்த அதே வாடை.

நீர்நாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. தன் இடம் என்று சொல்ல, கரையில் இருப்பதிலேயே மேடான இடமாகப் பார்த்து ஏறி எச்சம் இட்டுவிட்டுப் போகும். பாறையோ வேரோ கிடைக்காவிட்டால் வேறு எது மேடோ அது. எங்கள் கரையில் தண்ணீரை ஒட்டி அந்த நீலச் சிலையைவிட மேடான பொருள் எதுவும் இல்லை.

செல்லப்பாண்டி நாரைத் தண்ணீரில் முக்கிக் கையை ஓங்கினார்.

"தொடாதப்பா!"

நான் கத்தின கத்தலில் மீன்கொத்தி பறந்துபோனது. ஓடிப்போய்ச் சிலைக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். கையை விரித்துக்கொண்டு, அந்தக் கோரைப்பல்லுக்கும் மீசைக்கும் காவலாக. நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். எஸ்தர் வந்தாள். சிலையின் தலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

செல்லப்பாண்டிக்கு மட்டும் விளங்கவில்லை. வாளியோடு அப்படியே நின்றார்.

"அப்பக் கழுவ வேணாமா அண்ணாச்சி?"

"வேணாம்."

"வாரவுக போறவுக பாப்பாகளே. அசிங்கமா இருக்காதா?"

"இருக்கட்டும்ப்பா. அசிங்கமாவே இருக்கட்டும்" என்றேன்.

எஸ்தர் இப்போதும் அங்கேதான் நடக்கிறாள். கடையில் தொங்கிய பூட்டைக் கழற்றிக்கொண்டு போய், வாளியும் தேங்காய் நாரும் வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குப் போட்டுப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம்.